திடீரென்று

பதினோரு வருடமாக மனாமாவில்
மோதிய கார்களின் படங்களைப் பார்த்துக்
கையெழுத்துப் போடுகிறேன்.
நசுங்கிய பம்பர், பிதுங்கிய ரேடியேட்டர்,
வெடித்துத் தொங்கும் காற்றுப்பை.
எல்லாப் படிவத்திலும் ஏழாம் கட்டத்தில்
எல்லோரும் எழுதுவது ஒரே சொல்.
திடீரென்று லாரி திரும்பியது.
திடீரென்று ஒட்டகம்.
திடீரென்று, மேடம், சுவர்.

அலுவலகக் குலுக்கலில்
சக்கீர் பந்தயத் தடத்தில் மூன்று சுற்று
எனக்கு விழுந்தது.
கணக்குப் பிரிவு அந்தோணிதாசன்
காபி சிந்தச் சிரித்தான்.
பழைய நிஸான் சன்னியில்
வலது ஓரத்தை விட்டு நகராதவள் நான்.

வெள்ளிக்கிழமை இரவு.
பாலைவனத்தின் நடுவே
பகலைவிட வெளிச்சமாய் ஒரு வளையம்.
வழியில் எண்ணெய்க் கிணறுகள்
யார் கேட்டதற்கோ
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தன.
கைப்பட்டையில் திரிபுரசுந்தரி கொள்ளவில்லை.
'திரி' என்று மட்டும் அச்சாகியிருந்தது.
பற்றவைப்பதுதான் பாக்கி.

கையெழுத்திட ஆறு பக்கம்.
முழுக்கப் படித்தேன்.
இதுவரை யாரும் படித்ததில்லை என்றான்
கவுன்ட்டர் பையன்.
விதி பதினான்கு: டயர்ச் சுவரில் மோதினால்
முதல் எட்டாயிரம் தினார் ஓட்டுபவர் தலையில்.
நியாயமான தொகை.
நானாக இருந்தால் பத்து போட்டிருப்பேன்.

ஹெல்மெட்டுக்குள் முன்னவனின் வியர்வை.
மஞ்சள் கார்.
அதற்கும் தரைக்கும் ஒரு சாண்கூட இல்லை,
குளியல் தொட்டிக்குள் இறங்குவதுபோல் இறங்கினேன்.
பக்கத்தில் மர்வா, முஹர்ரக்காரி,
பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி
மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள்.
உங்கள் பக்கம் பிரேக் உண்டா என்றேன்.
இல்லை என்றாள்.
கேட்காமல் இருந்திருக்கலாம்.

முதல் சுற்றில் எல்லா வளைவுக்கும்
முன்கூட்டியே மிதித்தேன்.
பின்னால் வந்த வெள்ளைக் கார்
விளக்கடித்து விலகிப் போனது.

இரண்டாம் சுற்று. நேர்ப்பாதை.
முதுகுக்குப் பின்னால் எஞ்சின்,
யாரோ என் விலா எலும்புகளை
ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணுவதுபோல்.
வேகமானியில் இருநூறு, இருநூற்றுப் பத்து.
ஓரத்தில் பலகைகள் வரத் தொடங்கின.
இருநூறு மீட்டர். கால் துடித்தது.
லா, என்றாள் மர்வா.
நூற்றைம்பது.
லா.
சல்மாபாத் யார்டில் நான்
மொத்தச் சேதம் என்று சிவப்பில் எழுதிய
அத்தனை வண்டிகளும் எதிரே அடுக்கி நின்றன,
மடங்கிய கதவு, தரைவிரிப்பில்
ஒற்றைச் செருப்பு.
நூறு.
அல்ஹீன்!

மிதித்தேன்.
தலை கழுத்தை விட்டுப் போகப் பார்த்தது.
பெல்ட் நெஞ்சில் கோடு கிழித்தது.
கார் மட்டும்
மேசையில் வைத்த டம்ளர்போல
கோணாமல் அமர்ந்தது.
அப்புறமும் இடம் மிச்சமிருந்தது.
வளைவின் உள்விளிம்பில்
சிவப்பு வெள்ளைக் கட்டை,
அதன்மேல் காற்று போட்டுவிட்டுப் போன
ஒரு பிடி மணல்,
மணலில் யாருடைய டயரோ உதறிய
ரப்பர்த் துணுக்கு.
அவ்வளவு வேகத்துக்குள்
இவ்வளவு நேரமா.

மூன்றாம் சுற்றில் எண்பதில் மிதித்தேன்.
மர்வா ஒன்றும் சொல்லவில்லை.
மடியிலிருந்த கைகள் பிரிந்து
இருக்கையைப் பிடித்தன.
இறங்கியதும் கேட்டாள், என்ன வேலை?
சொன்னேன்.
சிரித்த சிரிப்பில்
ஹெல்மெட் நழுவித் தரையில் உருண்டது.

ஞாயிறு காலை முதல் கோப்பு.
ரிஃபா ரவுண்டானா, வெள்ளை பிக்அப்,
இருபத்து மூன்று வயது டிரைவர்.
ஏழாம் கட்டத்தில் அதே சொல்,
எழுத்துப்பிழையோடு.
சிவப்புப் பேனா எடுத்து ஓரத்தில்
எத்தனை மீட்டருக்கு முன்? என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதை அடித்துவிட்டு
தொகையை அனுமதித்தேன்.
கழுத்து இன்னும் இடதுபக்கம் திரும்பவில்லை.