படிக்க முடியவில்லை

பெனிஷ் துறைமுகத்து ஏலக்கூடத்தில்
விலை மேலிருந்து கீழே இறங்கும்.
நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு,
யாராவது பொத்தானை அமுக்கும் வரை.
அன்று விடிகாலை நான்கு பத்துக்கு
இருபத்தேழில் நின்றது எண்.
பிறகு பலகை நடுவே ஒரு சாம்பல் கட்டம்:
இந்த முகவரியில் இருக்கும் ஆணை
அந்த முகவரியில் இருக்கும் நினைவகத்தை நாடியது.
நினைவகத்தைப் படிக்க முடியவில்லை.
அந்த முகவரியின் எட்டு இலக்கமும் பூஜ்யம்.

"பூஜ்யமா? அத்தனை பெட்டியும் எனக்கே!"
என்றான் உணவகக்கார கஸ்பார்.
கூடமே சிரித்தது. தெவொலிந்தா சிரிக்கவில்லை.
அவள் முதுகுக்குப் பின்னால்
நூற்றுப் பதினெட்டுப் பெட்டி மத்தி,
மேலே உருகும் ஐஸ்.

நான் போய்ச் சேர்வதற்குள்
மூன்று தடவை அணைத்து எழுப்பியிருந்தாள்.
"சரி என்பதை அமுக்கு என்கிறது,
எது சரி என்று சொல்ல மாட்டேன் என்கிறது."

இருபது வருடமாக இந்தச் சாம்பல் கட்டத்தோடுதான்
என் பிழைப்பு.
அது சொல்வது இவ்வளவுதான்:
நிரல் ஒரு கதவைத் தட்டப் போனது,
போகாத ஊருக்கு யாரோ வழி சொல்லிவிட்டார்கள்.
பூஜ்யத்தில் எவரையும் குடிவைப்பதில்லை.
அது ஓர் ஏற்பாடு.
வழி தவறி வருகிறவர்
வாசலிலேயே அகப்பட வேண்டுமே.

யார் சொன்ன வழி என்பதுதான் கேள்வி.

"அடுத்தடுத்து வந்ததும் இதே எண்தானா?"
ஐஸ் ரசீதின் பின்பக்கத்தை நீட்டினாள்.
நான்கு வரி, பென்சிலில்.
நான்கும் வேறு வேறு.
அந்த ரசீதுக்கு நான் முத்தமே கொடுத்திருப்பேன்.
ஒரே இடத்தில் இடறினால் பாதையில் கல்.
கண்ட இடத்திலெல்லாம் இடறினால்
கோளாறு காலில்.
நிரலை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

படகுக்கார அபிலியோ கடிகாரத்தைப் பார்க்கவில்லை;
மீனின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மங்கத் தொடங்கினால் யூரோவும் மங்கும்.
தெவொலிந்தா காலிப் பெட்டி மேல் ஏறி
வாயாலேயே எண்ணத் தொடங்கினாள்.
இருபத்தொன்பதில் மூன்று கை ஒன்றாக எழுந்தது.
யார் முதல் என்று அடிதடி வரை போனது.
மறுபடி நாற்பதிலிருந்து.

மேசைக்கு அடியில் நான், பல்லில் டார்ச்.
இரண்டு நினைவகப் பட்டைகள்.
தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து
ஒன்றை மட்டும் முதல் பள்ளத்தில் செருகினேன்.
ஓடியது.
அதைப் பிடுங்கி, அதே பள்ளத்தில் மற்றதை.
அதுவும் ஓடியது.
இரண்டும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கின்றன,
இரண்டுமே பொய் சொல்லவில்லை,
பிறகு திருடன் எங்கே?

இரண்டாம் பள்ளத்தில் டார்ச்சைச் சாய்த்தேன்.
ஓரத்தில் எதுவோ மினுங்கியது.
இடுக்கியில் வந்தது
நகக்கண் அளவு செதில்,
காய்ந்து, கண்ணாடி போல விறைத்து.
பட்டையை மயிரிழை தூக்கிப் பிடித்திருக்கிறது.
ஐஸ் லாரி வந்து தரை அதிரும்போதெல்லாம்
தொடுவதும் விடுவதுமாக இருந்திருக்கிறது.
எந்த வருடத்து மீனோ.

ஐந்தே காலுக்குப் பலகை விழித்தது.
நாற்பது. முப்பத்தொன்பது.
கஸ்பார் முப்பத்தொன்றில் அமுக்கிவிட்டு
என்னை முறைத்தான்.

ரசீதுப் புத்தகத்தில்
'பழுதுக்குக் காரணம்' என்ற இடத்தில்
மத்தி என்று எழுதினேன்.
தெவொலிந்தா என் கட்டைவிரலில் ஒட்டியிருந்ததை
விளக்குக்கு நேரே உயர்த்தி
வளையங்களை எண்ணுகிறவள் போல உற்றுப் பார்த்தாள்.
மத்தியை அடித்துவிட்டு
மேலே கொடுவா என்று திருத்தி
கையெழுத்துப் போட்டாள்.