ஒன்பதுகள் தீர்ந்த நாள்

பிளவ்டிவ் நகரம், பிப்ரவரி.
டாலர் விலைப் பலகையில் மாட்ட
பிளாஸ்டிக் ஒன்பதுகள் தீர்ந்துபோயின.
ஆறைத் தலைகீழாய்த் தொங்கவிட்டேன்.
பதினொன்றரைக்குள் அதுவும் பழைய விலை.

கண்ணாடிக்கு அப்பால் ஸ்தாமென்,
டிராலிபஸ் ஓட்டுநர்,
கையுறை கழற்றாமலே பாஸ்புக்கை நீட்டுகிறார்.
ஒரு காருக்காகப் பதினோரு வருடம்.
இன்று அது நான்கு டயர்.
"இரண்டுக்காவது கொடு" என்கிறார்.

கல்லாவில் இல்லை.
எப்படிச் சொல்ல,
வியன்னாவில் டாலராய் வாங்கி
பாட்டில் ஆலைக்கு நாங்கள் கொடுத்ததை,
ஆலை லெவாவில் சம்பாதித்ததை,
லெவா படுத்த இரவுகளில்
கடன் மட்டும் கண்விழித்து வளர்ந்ததை?
உலை அணைந்து ஒரு மாதம்.
அவர் கார் அந்தச் சாம்பலில் எங்கோ.

"நாளைக்கு வாங்க."
இந்த வாரம்
எண்ணிப் பார்க்காமல் நான் கொடுத்தது
அது ஒன்றுதான்.

அவர் திட்டவில்லை. பலகையையே பார்த்தார்.
"அது ஒன்பது இல்லையே,
ஆறுதானே?"
குரலில் ஒரு சின்ன ஆசை.

இரண்டு மணிக்கே ஷட்டரை இறக்கினோம்.
பின்வாசல் வழியே வெளியேறி,
சீருடை தெரியாமல் கோட்டை இழுத்து மூடி,
எதிர்த்தெரு வங்கி வரிசையில்
நாற்பத்தேழாவதாய் நின்றேன்.
என் சம்பளம் அங்கே.