மைனஸ் பதினெட்டு

ஏர்வாடி விலக்கில் என் ஷெட்.
சித்திரை. மணி பன்னிரண்டரை.
தார் ரோட்டில் காகம்கூட
காலை மாற்றி மாற்றித்தான் நிற்கிறது.
ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கிறேன்:
உள்ளே போகும் காற்று, மைனஸ் பதினெட்டு.

"என்ன போட்ருக்குண்ணே?" என்கிறான் தர்மமுனி.
உன் வண்டி பனிமலையில் நிற்குதாம் என்கிறேன்.
சிரிக்கவில்லை.
சட்டை முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு.

கீழக்கரை ரசீனா லாத்தாவின் எஸ்டீம் அது.
லிட்டருக்குப் பதினான்கு ஓடியது,
மாசியிலிருந்து ஒன்பது.
மிச்ச ஐந்தும் எங்கே போகிறதென்று
லாத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பெட்ரோல் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கம்பியில் குத்தி
சாவி மாட்டும் ஆணியில், சாவிக்கு மேலே,
தொங்கவிட்டுவிட்டார்.
கேட்டிருக்கலாம்.

இன்ஜினுக்குத் தோல் கிடையாது.
இரண்டு கம்பி வழியே வருவதுதான் அதற்கு வானிலை.
குளிர் என்றால் குளிர்.
பனிக்குத் தக்கபடி பெட்ரோலை ஊற்றிக்கொண்டு
உப்பளத்து ஓரமாய்க் கறுப்பாய் இருமிப் போகிறது.
எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.
மைனஸ் நாற்பது என்றிருந்தால் சந்தேகப்பட்டிருக்கும்.
பதினெட்டு, உலகத்தில் எங்கோ இருக்கக்கூடிய எண்.
நம்பும்படியான பொய்க்கு
விளக்கு எரிவதில்லை.

சென்சார் போச்சு என்று அவனே முடிவுகட்டி
ராமநாதபுரத்துக்குப் போன் போட்டு விலை கேட்டான்.
இரு என்றேன்.
காற்றுக் குழாயிலிருந்து கழற்றி
அதன் இரண்டு காலிலும் மீட்டர் முனையை வைத்தேன்.
ஆயிரத்து நானூறு ஓம்.
ஷெட் நிழலுக்குச் சரியான கணக்கு.

நண்டுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போன மூக்கையூர்ப் பையன்
டீக்கு நிறுத்தியிருந்தான்.
அவனிடம் ஒரு கை ஐஸ் வாங்கி
கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு போட்டு
சென்சாரின் மூக்கை மட்டும் முக்கினேன்.
இரண்டாயிரம். மூவாயிரம்.
கரைவலையில் மிதவைகள் ஒவ்வொன்றாய்
கிட்ட வருகிற மாதிரி ஏறி
ஐயாயிரத்து ஐநூறில் நின்றது.
அடுத்து, டீ வடிகட்டும் வெந்நீர்.
மளமளவென்று சரிந்து முந்நூறு.
குளிர்ந்தால் முறுக்கிக்கொள்ளும், சுட்டால் இளகும்,
அவ்வளவுதான் இதன் குணம்.
எங்கும் பிசகில்லை.
மாசியிலிருந்து இது
உள்ளதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அப்புறம்தான் சாக்கெட்டை வெயிலுக்குத் திருப்பினேன்.
பித்தளைக் காலில் பச்சைப் பூ.
நகத்தால் சுரண்டி நாக்குக்குக் கொண்டுபோனான் தர்மமுனி.
தட்டிவிட்டேன், விஷம்டா.
"உப்புத்தானேண்ணே?"
உப்புத்தான். வாலிநோக்கம் ரோட்டில்
தினமும் கண்ணாடியில் துடைக்கிறாயே, அதே உப்பு.
சொன்னது சரி, கேட்டதும் சரி,
நடுவில் ஒரு கடுகளவு கடல்.

பழைய பல்துலக்கி, கொஞ்சம் ஸ்ப்ரே, ஊதல்.
மாட்டினேன்.
நாற்பத்தொன்று.
ஆமாம், இன்றைக்கு அவ்வளவு இருக்கும்.
சைலென்சர் வாயில் புகை மெலிந்து மெலிந்து
எப்போது நின்றதென்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பில் புத்தகத்தில் 'சாமான்' என்ற கட்டம் காலி.
"காரணத்தை எழுதுங்கண்ணே. கொஞ்சம் பெருசா."
எழுதினேன்: சென்சார் நல்லா இருக்கு.
கனெக்டரில் உப்பு. அதனால் பெட்ரோல் கூடுதல்.
அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது,
பேனாவை எடுத்துவிட்டேன்.
அது பில்லில் எழுதுகிற வரி இல்லை.

போட்டோ எடுத்து அனுப்பினான்.
இரண்டு கோடும் நீலமாகியும்
திரை அணைய அணையத் தட்டிக்கொண்டே நின்றான்.
டீக்கடையிலிருந்து டம்ளர் கேட்டு ஆள் வந்து போயாயிற்று.
பதில் வந்தது:
எவ்வளவு?

எதற்கு எவ்வளவு என்று
லாத்தா சொல்லவில்லை.
நூற்றைம்பது என்று போடச் சொன்னேன்.
அவன் வெகுநேரம் எதையோ அடித்து
அழித்து அடித்துக்கொண்டிருந்தான்.