பாரிஸ் வழி

ஒரே தட்டில் ஐந்து படம், பர்மா பஜாரில் முப்பது ரூபாய்.
மேலட்டையில் தோல் ஜாக்கெட் வெள்ளைக்காரன்.
அவன் படம் ஒன்றுதான்,
மிச்சம் நான்கிலும் சீனாக்காரர்கள்
அப்பனைக் கொன்றவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, ஜி பிளாக், மூன்றாம் மாடி.
தேசிங்கு படத்தை நிறுத்தினான்.
வெள்ளைக்காரன் கால் அந்தரத்தில்,
எதிராளி தாடைக்கு ஒரு சாண் இப்பால்.
"இது இவன் கால் இல்ல, அபரஞ்சி.
மூணாவது படத்துல மூங்கில் காட்டுல ஒருத்தி வருவா பாரு, அவ கால்.
இடுப்பு மொதல்ல திரும்புது,
கால் அப்பாலதான் வருது.
கைமாத்து வாங்கிட்டு சொல்லாம வுட்டுட்டான்."

வட்டி கட்டியிருக்கானே என்றேன்.

அவள் இறங்கினால் மூங்கில் இலையும் அசையாது.
இவனுக்கு மூச்சு இரைக்கிறது,
முட்டி தேய்கிறது,
பிடித்த பைப்பு காரையோடு பெயர்ந்து வருகிறது.
அந்தப் பைப்பு எனக்குத் தெரியும்.
அந்த ஓடாத லிஃப்ட்டும்,
பால்கனிக் கம்பியில் காயும் அந்த நைட்டியும்கூட.
அதுவரை எனக்கு பாரிஸ் என்றால்
கண்டக்டர் கூவும் பாரிஸ் மட்டும்தான்:
ஹைகோர்ட்டு, பூக்கடை, மூத்திரச் சந்து.

தேசிங்கு ஒரு மாதம் மொட்டைமாடியில் உதைத்தான்.
தண்ணித் தொட்டியை, டிஷ் கம்பத்தை,
ஒருமுறை தெரியாமல் கோட்டீஸ்வரி வடகத்தை.
பிறகு ஜி பிளாக்குக்கும் எச் பிளாக்குக்கும் நடுவே
ஏழடி இடைவெளி.
தாண்டிவிட்டான்.
தாண்டினான் என்பதை எழுதிவைக்க வேண்டும்,
ஏனென்றால் பின்னால் எல்லாரும் விழுந்தான் என்றே சொன்னார்கள்.
எச் பிளாக் கைப்பிடிச் சுவர்தான் விழுந்தது,
அவனையும் கூட்டிக்கொண்டு,
ஒரு மாடி கீழே, சன்ஷேடில்.

ஸ்டான்லியில் நர்ஸம்மா கேட்டார், எப்படி ஆச்சு?
வலியில் உளறினான்:
"சீனாவுலேர்ந்து பாரிஸ் வழியா வந்துச்சு."
"பாரிஸ் பஸ்ஸா? புட்போர்டு அடிச்சியா?"
சீட்டில் எழுதினார்:
பேருந்திலிருந்து விழுந்தவர். வலது குதிகால்.

போன வாரம் இறால் எடுக்கக் காசிமேடு போனேன்.
விடியற்காலை மூன்று மணி.
ஐஸ் பாரைக் கொக்கியில் மாட்டி
போட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தான்.
இடுப்பு முதலில் திரும்பியது.
வலது கால்
கொஞ்சம் தாமதமாக,
தேய்த்துக்கொண்டே வந்து சேர்ந்தது.

அதை மூங்கில்காரியிடமும் பார்த்ததில்லை,
வெள்ளைக்காரனிடமும் பார்த்ததில்லை.

"இன்னா பாக்குற?" என்றான்.
இறால் என்ன விலை என்று கேட்டேன்.