பதிவேடு எரிந்த ஊர்

கோப்பவோக் துறைமுகத்தின் பதிவேடு
நாற்பத்து நான்காம் ஆண்டு நவம்பரில் எரிந்துபோனது.
ஆகவே நான் சொல்லும் எதையும்
நீங்கள் நம்பியாக வேண்டும் என்பதில்லை.

முதலில் வந்தவர்கள் இரண்டு பேர் என்பார்கள்.
ஒருவன் பின்லாந்திலிருந்து நடந்தே வந்த கொல்லன்.
மற்றவள் இந்தக் கரையிலேயே
கடல்நாய் வேட்டையாடிக்கொண்டிருந்த சாமிப் பெண்.
"ஏற்கெனவே இருந்தவளை
வந்தவள் என்று எப்படிச் சொல்வது?"
ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் மாரெட் கேட்பாள்.
பதில் வராது.
யாராவது எழுந்து காபி ஊற்றுவார்கள்.

பாறையில் அறைந்த இரும்பு வளையம் ஒன்றுதான்
கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய வரலாறு.
கொல்லன் அடித்தது என்பார்கள் மேற்குக் கரைக்காரர்கள்.
ரஷ்யக் கப்பல் விட்டுப்போனது என்பார்கள் கிழக்கில்.
இந்த வழக்கில் இரண்டு வீடுகள்
பதினோரு வருடம்
ஒன்றிடம் ஒன்று வலை இரவல் கேட்கவில்லை.

ரஷ்யர்கள் கோடையில் வருவார்கள்.
மாவு மூட்டை இறங்கும், மீன் ஏறும்.
பாதி அவர்கள் சொல், பாதி எங்கள் சொல்,
நடுவில் கைவிரல்கள்.
அந்தக் கலப்புப் பேச்சில் விலை பேசலாம், வையலாம்,
பெண் கேட்கவும் முடிந்திருக்கிறது;
எங்களில் சிலரின் கன்ன எலும்பே அதற்குச் சாட்சி.
ஒரு கோடையில் அவர்கள் வரவில்லை.
புரட்சி என்றார்கள்.
ரொட்டியின் தடிமனில்
நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம்.

பிறகு நெருப்பு.
பின்வாங்கிய ஜெர்மானியப் படை
வீட்டுக்கு ஒரு டின் பெட்ரோல் என்று கணக்கு வைத்திருந்தது.
உப்புக் கிடங்கு, படகுத்துறை, ஜெபக்கூடம்,
மீன் உலர்த்தும் கழிகள்கூட.
ஹென்ரிக்கா தையல் மெஷினை
உருளைக்கிழங்குக் குழியில் புதைத்துவிட்டுத்தான்
கப்பலேறினாள்.
பசுவை ஏற்ற இடமில்லை என்றார்கள்.
அதைப் பற்றி அவள் பேசியதேயில்லை.

அடுத்த மே மாதம்
திரும்பி வரக் கூடாது என்று அரசு உத்தரவு:
கண்ணிவெடி இருக்கிறது, கூரை இல்லை,
கிணற்றில் என்ன கிடக்கிறதோ தெரியாது.
இசாக் நில்சன் அதை இரண்டு முறை படித்தான்.
மீனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
புறப்பட்டுவிட்டான்.
பின்னாலேயே பதினாறு பேர்.
கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில்
அந்தக் கோடையைக் கழித்தார்கள்.

தோண்டியெடுத்த மெஷினில்
சக்கரம் மட்டும் துருவேறியிருந்தது.
படை விட்டுப்போன கூடாரத் துணியில்
ஹென்ரிக்கா எல்லோருக்கும் கால்சட்டை தைத்தாள்.
குளிர்காலம் முழுக்க
ஊரே எதிரியின் நிறத்தில் நடமாடியது.

ஒரு படகின் அடியில் நான் பிறந்தேன்.
பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு
அம்மா "படகு" என்றாளாம்.
எழுத்தர் "கடலில்" என்று எழுதிக்கொண்டார்.
சான்றிதழின்படி
நான் இந்த ஊரில் பிறக்கவேயில்லை.

அறுபத்தொன்றில் மீன் ஆலை வந்தது.
காலைச் சங்குக்குப் பெண்கள்
வெள்ளை ரப்பர் பூட்ஸில் வரிசையாக இறங்கினோம்;
முதல் சம்பளத்தில் நான் ரேடியோ வாங்கினேன்,
என் தங்கை ஒரு சண்டையை வாங்கி வந்தாள்.
ஆலை முப்பது வருடம் ஓடியது.
பிடி உரிமையைத் தெற்கே யாரோ வாங்க,
சங்கு நின்றது.
நாய்கள் மட்டும் கொஞ்ச நாள்
ஆறு மணிக்குக் குரைத்துப் பார்த்தன.

இப்போது ஊரில் நாற்பத்தொரு பேர்.
போன வியாழன் நகராட்சிப் பொறியாளன் வந்தான்.
நல்ல பையன், ஷூதான் தவறு.
புதிய சாய்தளத்துக்கு
வளையம் குறுக்கே நிற்கிறதாம், அறுக்க வேண்டுமாம்.
மேற்கும் கிழக்கும் ஒரே நேரத்தில் எழுந்தன.
எனக்குத் தெரிந்து
அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.
அவன் பயந்து
ஆட்சேபப் படிவத்தை என்னிடம் நீட்டினான்.

உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம்.
ஆதாரம் என்று இன்னொன்று.
பதிவேடு எரிந்துவிட்டது என்றேன்.
எதையாவது எழுதத்தான் வேண்டும் என்றான்.
அந்த எழுத்தரை நினைத்துக்கொண்டேன்.
முதல் கட்டத்தில்
"ஏற்கெனவே இருந்தது" என்று எழுதினேன்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மாரெட்
ஒன்றும் கேட்கவில்லை.
போய்க் காபி ஊற்றினாள்.