பி பக்கம்

ரென் நகரில், ரயில் பாலத்தடி அச்சகத்தில்
முன்னூறு இசைத்தட்டுகளுக்கு உறை மடிக்கிறேன்.
ஏ பக்கம் பிரெஞ்சு, பி பக்கம் ஆங்கிலம்.
பாடுகிறவள் சொலென். தாளத்துக்கு ஒரு லீட்ஸ்காரன்,
சைக்கிள் மணியையும் விடாமல் அடிக்கிறான்.

பாட்டுத்தாளில் பிழை பார்ப்பதும் என் வேலை.
மூன்றாம் பாட்டுவரை அவனை 'த்யூ' என்கிறாள்: நீ.
நான்காவதில், சாவியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்
'வூ'.
நீங்கள்.
எழுத்துப்பிழையோ என்று கேட்டு எழுதினேன்.
அப்படியே இருக்கட்டும் என்று பதில்.

சோதனைத் தட்டைத் திருப்பிப் போட்டால்
எல்லாம் 'யூ'.
கோபமா மரியாதையா தெரியாது.
மழைக்கோட்டு மாதிரி ஒரு சொல்,
உள்ளே யாரும் இருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மூன்று.
நீ, நீங்கள், இரண்டுக்கும் நடுவே
நீர்.
தேத்தண்ணி ஊற்றும்போதும்
போர்வையை இழுத்துச் சண்டை பிடிக்கும்போதும்
தர்மினி என்னை அழைத்தது அதில்தான்.

நேற்று லியோனிலிருந்து குறுஞ்செய்தி:
"உங்கட கடிதங்கள் இன்னும் இஞ்சதான் வருது.
நீங்கள் விலாசம் மாத்தேல்லையோ?"

பசை காயவில்லை. பி பக்கம்
இன்னொரு தரம் ஓடுகிறது.
ஆங்கிலத்தில் பதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.