பார் திறத்தல் தொடர்பாக

கொழும்பிலிருந்து ஒரு பக்கக் கடிதம்
காலையில் என் மேசைக்கு வந்தது.
ஆறாம் பந்தியில் அந்தச் சொல்.
ஆங்கிலத்தில் மூன்று எழுத்து,
தமிழில் எழுதினால் இரண்டு: பார்.
அதைத் திறக்கலாமா என்று கேட்கிறார்கள்.
பின்னேரம் மூன்றுக்குள் தமிழில் வேண்டுமாம்.

எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்த வில்வரெத்தினம்
ஒரு வெள்ளத்தின்போது
"மதுபானசாலை திறத்தல்" என்று பெயர்த்துவிட்டார்.
சுற்றறிக்கை படுவான்கரைக்குப் போய்ச் சேர,
மாதர் சங்கம் கறுப்புக் கொடியோடு
வள்ளத்தில் வந்து இறங்கியது.
மறுகிழமையே அவரைக் காணிப் பதிவுக்கு மாற்றினார்கள்.
அகராதி மட்டும் இங்கேயே இருக்கிறது,
அவருடைய வெற்றிலைக் கறையோடு.

திறக்கிறேன்.
கம்பி என்கிறது.
அதை இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்,
மூன்று வருடம், வெள்ளிக்கிழமைகளில்.
சட்டத்தரணிகள் கூட்டம் என்கிறது.
அந்த வெள்ளிகளுக்கு நான் கொடுத்த காசு அவர்களிடம்தான்.
சவர்க்காரக் கட்டி என்கிறது.
முகாமில் நாலு குடும்பத்துக்கு ஒரு பார்;
தையல் நூலைப் பல்லில் கடித்து இழுத்து
அம்மா அறுப்பா, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல்.
தாழ்ப்பாள், தடை, விலக்கு...
பக்கத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில்
ஆற்று முகத்தில் அலை சேர்க்கும் மணல்.

அதுதான். சரி.
ஆனால் வெறும் பார் என்று விட்டால் பூமி என்பார்கள்.
கடலுக்குப் போகிறவனுக்குப் பார் என்றால்
வலை கிழிக்கும் கல்.
ஐகாரம் சேர்த்துப் பாரை என்றால்
மீனாகித் துள்ளிப் போய்விடும்.

தொலைபேசி.
மண்டூரிலிருந்து சாமித்தம்பிப் போடியார்.
"வட்டை முழுக்கத் தண்ணி புள்ள. குடலைப் பயிர்.
மூணு நாள் தாங்கும், மறுகா அழுகிரும்.
வெட்டச் சொல்லி எழுது."

வைத்த கையோடு பாலமீன்மடு யோசேப்பு.
"இறால் இப்பதான் விரல் அளவு.
வெட்டினா எல்லாம் கடலோட போயிரும்.
பத்து நாள் பொறுக்கச் சொல்லி எழுது புள்ள."

நான் எழுதுவதில்லை, பெயர்க்கிறேன் என்றால்
இருவருக்கும் அது ஒன்றுதான்.
ஒருவருக்கு அடைப்பு, ஒருவருக்கு அணை.
அகராதியில் இவை இரண்டும்
அருகருகே, சண்டையில்லாமல் படுத்திருக்கின்றன.

மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை.
ஸ்கூட்டியை எடுத்துப் பார் வீதியால் போனேன்.
என் வீடும் இதே வீதியில்தான்.
சனி மாலைகளில் வெளியூர்ப் பெடியள்
ஓட்டோவில் வந்து இறங்கி
"பார் எங்கே அக்கா?" என்று கேட்பார்கள்.
நேரே போங்கள் என்பேன்.
போய், வெளிச்சவீட்டையும் கடலையும் பார்த்துவிட்டு
தாகத்தோடு திரும்புவார்கள்.

வீதி முடிந்த இடத்தில் மணல்.
இந்தப் பக்கம் வாவி, மண்ணிறமாய், உப்பி, மேலே.
அந்தப் பக்கம் கடல், ஓராள் உயரம் கீழே.
நடுவில் ஒரு கோடு.
முழங்கால் அகலம்கூட இல்லை.
அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது,
கரையைப் பிட்டுப் பிட்டு விழுங்கியபடி.
மண்வெட்டித் தடம் போலவும் இருந்தது,
அலை கீறியது போலவும் இருந்தது.
நின்ற நாலு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒருவர் காலில் வயற்சேறு.
ஒருவர் கையில் வெறும் கூடை.

காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
பொறியியலாளர் நஜ்முதீனும் நின்றார்.
"கடிதத்தப் பெயர்த்திட்டீங்களா மிஸ்?"
"இன்னும் இல்லை சேர்."
"அப்ப இது இன்னும் துறக்கல்ல" என்றார்,
செருப்பைத் தண்ணீர் இழுத்துப் போவதைப் பார்த்தபடி.

இரண்டே முக்கால்.
கால் விரல்களில் மணல் இன்னும் ஈரம்.
அவர்கள் மூடும் மணலுக்குப் பெயர் வைத்தார்கள்.
இங்கே எல்லோரும் சொல்வது
திறக்கும் இடத்தின் பெயரை.
பந்தி ஆறில் தட்டுகிறேன்:
ஆற்றுவாய் வெட்டுதல்.
அனுமதி கிடைத்ததா என்பது பந்தி ஏழில்.
அதை இன்னும் வாசிக்கவில்லை.